பிளானில் சுருங்கிய அறை

மேற்கே வயல்வெளி கிடக்கிற வட்டைப் பக்கமிருந்து காற்றுத் திரும்பும் காலைகளில் நெல் அவிக்கிற வாசம் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். ஈர உமி, கொதிநீர், கொஞ்சம் புளிப்பு, அடியில் எங்கோ ஒரு கருகல். பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது பசியை எழுப்பும். வயற்காரருக்கு விலை நினைவு வரும், விதைப்பு நினைவு வரும். எனக்குக் கோபம் வரும். அடுப்பில் வைத்த பால் மாதிரி அது சத்தமில்லாமல் ஏறி, விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும். காரணம் ஒரு அறை. கல்லும் சீமெந்தும் காணாமல், கணினித் திரையில் வெறும் நாலு கோடாகக் கிடந்த ஒரு அறை.

நான் வீட்டிலிருந்தபடி பிளான் கீறுகிறவள். நிந்தவூரில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. கடலின் உப்பு முதலில் யன்னல் கம்பியைத் தின்றது. பிறகு கணினியின் விசைப்பலகையைத் தின்னத் தொடங்கியது. ஒரு மாரிக்கு ஒரு எழுத்து என்று ஒட்டிக்கொண்டு எழும்ப மறுக்கும். வீடு, கடை, பள்ளிவாசலுக்கு மேல்மாடி, கலியாண மண்டபம் என்று எவ்வளவோ கீறியாயிற்று. அலுவலகங்கள் குறைவாகத்தான் வரும். வந்தால் தலையிடி. வீட்டில் யார் எங்கே படுப்பார் என்பது கீற முதலே தெரிந்திருக்கும். அலுவலகத்தில் யார் எங்கே இருப்பது என்பது பிளான் வந்த பிறகுதான் சண்டையாகும். அதனால் அலுவலகத்துக்கு எப்போதும் முதலில் ட்ரையல் பிளான்கள். ஒன்றைக் கீறி அனுப்ப, அவர்கள் பார்த்து இதைத் தள்ளுங்கள் அதை எடுங்கள் என்று சொல்ல, திருத்தி மறுபடி அனுப்ப, மறுபடி திருத்த.

அந்த மென்பொருளில் சுவருக்குப் பாரமில்லை. இதை நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. உண்மையில் ஒரு சுவரை இடிப்பதென்றால் ஆள் பிடிக்க வேண்டும், சம்மட்டி வேண்டும், தூசு எழும்பும், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னகா நடக்குது என்று கேட்பாள். திரையில் ஒரு சுண்டுதல். சுவர் போய்விடும். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கப்போகிற ஆளும் போய்விடுவார். தூசு இல்லை, சத்தம் இல்லை, எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை.

அந்த வாசத்தோடு என் கோபத்தை முடிந்துவிட்டவர் ஒரு ஹாஜியார். மரியாதையுள்ள மனிசன், கல்முனை வட்டையோரம் ஒரு பழைய நெல் மில்லுக்கு முதலாளி. மில்லுக்குள் இருந்த கணக்கு அலுவலகத்தை வெளியே எடுத்து, கல்முனைப் பிரதான வீதியில் தான் கட்டுகிற கட்டடத்தின் மேல்மாடியில் வைக்க நினைத்தார். அந்த மேல்மாடியை உள்ளே எப்படிப் பிரிப்பதென்று ட்ரையல் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாளே ஒரு விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எல்லாம் எப்படியும் இருக்கட்டும், கழிவறை மட்டும் பிழையாக வரக் கூடாது. கொமட்டில் இருக்கிறவரின் முகமும், தொழும்போது முன்னோக்குகிற கிப்லாப் பக்கம் வரக்கூடாது, முதுகும் வரக்கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊர்களில் பிளான் கீறுகிற எல்லாருக்கும் கை தானாகவே அப்படித்தான் போகும். கிப்லா எங்களுக்கு வட்டைப் பக்கம், மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வாக. அதனால் கொமட் வடக்கைப் பார்க்கும், இல்லாவிட்டால் தெற்கைப் பார்க்கும். கடலையோ வட்டையையோ பார்க்காது. சரி ஹாஜியார், சரி ஹாஜியார் என்று தலையாட்டினேன். படியிறங்கும்போது மறுபடி கூப்பிட்டு ஒருதரம் சொன்னார்.

அதே நாளில், அதே வாயால், பெண்களுக்கும் ஒரு அறை போடச் சொன்னார். தொழ, சாப்பிட, கொஞ்சம் சாய. அதையும் சொன்னவர் அவர்தான். நான் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மேசை, அலுமாரி எல்லாம் எவ்வளவு பெரிதென்று அளக்க மில்லுக்குப் போனபோதுதான் அவளைக் கண்டேன். கணக்கு எழுதுகிறவள். முப்பத்தைந்து தாண்டியிருக்கும். கறுப்பு அபாயாவின் கைவிளிம்பில் வெள்ளையாக உமித் தூசு. மில்லின் கணக்கு முழுவதும், யாருடைய நெல் எவ்வளவு, எந்த லொறி எங்கே போனது, எல்லாம் அவள் கணினியில் இருந்தது. முதலாளி உள்ளே இருந்து ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்வார். இவள் திரையைப் பார்க்காமலே பதில் சொல்வாள்.

அவளுக்கு ஒரு மேசை இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் வந்ததும் எழும்பி, அரிசி மூடைகள் அடுக்கியிருந்த பக்கம் போனாள். இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் முசல்லாவை விரித்தாள். அவள் தொழுகிற நேரத்தில்தான் லொறி வந்தது. மூடை தூக்குகிறவர்கள் நல்ல மனிசர். தூரத்திலேயே இருமிக் காட்டினார்கள், ஆள் வருது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆனாலும் மூடை மூடைதான். அவளுக்கு மறைப்பாக நின்ற அடுக்கு ஒவ்வொரு மூடையாகக் குறைந்துகொண்டு வந்தது. சலாம் கொடுத்து முடிக்கும்போது அவள் பாதி வெளியே இருந்தாள். அந்த இடத்திலேயே பார்சலைப் பிரித்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கவும் மற்றத் தேவைக்கும் வீதிக்கு எதிரே ஒரு வீட்டுக்குப் போய் வருவாள். அந்த வீட்டுக்காரர் வெளியூர் போனால் அன்றைக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

அளந்து முடித்து வெளிக்கிடும்போது வாசலில் வந்து என்னை மறித்தாள்.

"ராத்தா, நீங்களா புது ஒபிஸ் கீறுற?"

ஓம் என்றேன்.

"முதலாளி ஒரு அறை தாறண்டு சொன்ன. அதுல ஒரு கதவு வெச்சிருங்க. கதவு எண்டா சாத்துற கதவு. திரை வேணாம்."

அந்த வேலைக்கு வருவதற்கே அவள் வீட்டில் ஒரு போராட்டம் நடந்திருந்தது. மாமி வேண்டாம் என்று சொல்ல, மச்சான்மார் முகத்தைத் திருப்ப, கதைத்துக் கதைத்து, கோபப்பட்டு, பிறகு சிரித்து, அப்படித்தான் அந்தக் கதிரைக்கு வந்தவள். புது அலுவலகத்தில் ஒழுங்கான இடம் இருக்கிறது என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள். சொன்னது சொன்னபடி வராவிட்டால் மாமி என்ன சொல்வாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் ட்ரையலை ஆசையோடு கீறினேன். வீதிப் பக்கம் வட்டையைப் பார்த்தபடி வாடிக்கையாளர் வருகிற இடம், கணக்கு மேசைகள். நடுவில் முகாமையாளர் அறை. பின்பக்கம், கடலைப் பார்த்த சுவரோடு கழிவறையும் பெண்கள் அறையும் அருகருகாக. பெண்கள் அறைக்கு அகலமான ஒரு யன்னல். மேல்மாடி என்பதால் தென்னைகளுக்கு மேலால் கடல் தெரியும். அந்த அறைக்குள் யாரும் கேட்காமலே கால் நீட்டிச் சாய ஒரு வாங்கு கீறினேன். கதவின் வளைவுக் கோட்டை உள்ளே திறக்கிற மாதிரிப் போட்டேன். ஹாஜியார் பார்த்தார், கழிவறையின் மேல் விரலை வைத்து ஒருதரம் சரிபார்த்தார், சரி மகள் என்றார்.

பிறகு மகன் வந்தார்.

சவூதியில் பல வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வந்தால் சொந்த அக்காவிடம் போல ராத்தா ராத்தா என்றுதான் கதைப்பார், தேத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடிப்பார், எங்கள் பூனைக்குப் பிஸ்கட் போடுவார். ஆனால் அவருக்கும் அந்த மென்பொருள் தெரியும். அதுதான் பிரச்சினை. நான் அனுப்பிய கோப்பை அவர் திறந்து, தானே திருத்தி எனக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்.

முதல் திருத்தத்தில் முகாமையாளர் அறை கொஞ்சம் பெருத்தது. முகாமையாளராக வரப்போகிறவர் அவர்தான். பெண்கள் அறையின் ஒரு பக்கச் சுவர் உள்ளே நகர்ந்தது. வாங்கு காணாமல் போனது. பரவாயில்லை என்று விட்டேன். அடுத்ததில் முகாமையாளர் அறைக்குள் கூட்டம் நடத்த ஒரு நீள மேசை வந்தது, சுற்றிவரக் கதிரைகள் வந்தன, கண்ணாடித் தடுப்பு வந்தது. பெண்கள் அறையின் பெயர் மாறிப் பல்தேவை அறை என்றானது. ஒரு அறையை எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் அதன் பெயரைத்தான் எடுப்பார்கள்.

நான் சுவரைப் பழைய இடத்தில் வைத்து, பழைய பெயரைப் போட்டு அனுப்பினேன். அவர் மறுபடி தள்ளி அனுப்பினார். நான் மறுபடி வைத்தேன். இரண்டு பேரும் முகம் பார்க்காமல், ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசாமல், ஒரு கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். வட்ஸ்அப்பில் அவர் அனுப்புவதெல்லாம் சிரிக்கிற முகங்கள்தான். சின்னத் திருத்தம்தான் ராத்தா என்று எழுதுவார். சின்னத் திருத்தம்! திரையில் அது என் நகத்தளவு. அந்த நகத்தளவில் ஒரு பெண் நெற்றி தரையில் படச் சுஜூது செய்ய வேண்டும், சோறு தின்ன வேண்டும், மாதத்தில் வயிறு நோகிற நாளில் கொஞ்சம் கால் நீட்ட வேண்டும்.

பிறகொரு கோப்பு வந்தது. அதில் யன்னல் இல்லை. அறை ஒரு ஒடுக்கம். பெயர், ஸ்டோர்.

அன்றைக்குக் கல்முனை பஸ்ஸில் ஏறி நேரே மில்லுக்குப் போனேன். ஹாஜியார் கதிரையில் சாய்ந்து கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் அறையைக் காணவில்லை என்று சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. முகம் மாறவில்லை.

"மகள், பொம்புளைகளுக்கு வசதியில்லாத எடத்துல பொம்புளைகள வெச்சிரிக்கிறது சரியில்லதானே," என்றார். "அந்தப் புள்ள மில்லிலயே இரிக்கட்டும். சிட்டை எழுதட்டும். புது ஒபிஸ் கணக்குக்கு ஒரு பொடியன எடுக்கிறம்."

"வசதி இரிந்திச்சே ஹாஜியார். நீங்கதானே போடச் சொன்ன."

"ஓம், சொன்னதான். இப்ப அங்க பொம்புளைகள் இல்லையே. அறை என்னத்துக்கு?"

இதை எழுதும்போதும் என் விரல் சூடாகிறது. அறை இல்லாததால் அவள் வரக்கூடாது. அவள் வராததால் அறை தேவையில்லை. கதவில்லாத வட்டமாக ஒரு சுவரைக் கட்டி, அதற்கு வெளியே ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, மார்க்கத்தின் பெயரால் அதைப் பூசி மெழுகவும் செய்தாயிற்று. அவளுக்காகத்தான் இதெல்லாம் என்கிற மாதிரி, அவளுடைய மானத்தில் அக்கறைப்பட்டவர் மாதிரி. மூடைச் சந்துக்குள் பாதி வெளியே தெரியத் தெரிய அவள் தொழுத அத்தனை வருடமும் அந்த அக்கறை எங்கே போயிருந்தது? அது மில். மில்லில் பரவாயில்லை. கண்ணாடித் தடுப்புப் போட்ட மேல்மாடியில்தான் மார்க்கம் நினைவுக்கு வரும்.

சொன்னேன். இவ்வளவு காரமாக இல்லாவிட்டாலும் சொன்னேன். மில்லில் அவள் எங்கே தொழுகிறாள் என்று போய்ப் பாருங்கள் என்றேன். கொமட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எத்தனை தரம் கேட்டீர்கள், இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துத் தொழுகிறாள் என்று ஒருதரம் கேட்டீர்களா என்றேன். ஹாஜியார் கோபிக்கவில்லை. பெரிய மனிசர் கோபிக்கத் தேவையில்லை. தேத்தண்ணி குடி மகள் என்றார். குடிக்காமல் வந்தேன். வெளியே வரும்போது அவள் தன் மேசையில் குனிந்து இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் மட்டும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கோப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். நான் விட்டால் வேறொருவர் கீறுவார்; அவர் அந்த ஸ்டோரை ஸ்டோராகவே கீறுவார்.

அப்படியிருக்க, மகனிடமிருந்து இன்னொரு கோப்பு வந்தது. இது முடிந்த முடிவு, இனித் திருத்தமில்லை, பிரின்ற் எடுத்துக்கொண்டு வாருங்கள், வாப்பாவிடம் காட்டிவிட்டு அனுமதிக்கு மாநகர சபைக்கு அனுப்புவோம் என்று செய்தி. திறந்தேன். நான் கீறிய கழிவறை அதில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு கழிவறை, பளபளவென்று, கை கழுவுகிற தொட்டிகள் வரிசையாக, பின்சுவர் நெடுக நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. ஸ்டோர் என்ற ஒடுக்கத்தையும் அது விழுங்கியிருந்தது. ஒரு அலுமாரி நிற்கிற அளவு இடம்தான் மிச்சம்.

அது எங்கிருந்து வந்ததென்று கோப்பில் அதனோடு ஒட்டிவந்த பெயரே சொன்னது. மதீனாவில் அவர் வேலை செய்த இடத்தில் கட்டிய ஒரு பெரிய அலுவலகத்தின் கழிவறை. அப்படியே வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார். நல்ல கழிவறைதான், பிழை சொல்ல முடியாது. மதீனாவில் மக்கா தெற்கே இருக்கிறது. அங்கே கிப்லா தெற்கு. அதனால் அங்கே கொமட் கிழக்கைப் பார்க்கும், மேற்கைப் பார்க்கும். அங்கே அது சரி, மிகச் சரி. கல்முனையில் அதை அப்படியே வைத்தால் அதில் குந்துகிற ஒவ்வொரு மனிசனும் நேரே கிப்லாவைப் பார்த்துக் குந்துவான்.

முதலில் சிரிப்பு வந்தது. தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பிரின்ற் எடுத்துச் சுருட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

ஹாஜியார் பிளான் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அப்படித்தான். கடதாசியில் வடக்கு எங்கே என்று அவர் பார்க்க மாட்டார். கடதாசியை மேசையில் விரித்து, கடற்பக்கம் கடலுக்கும் வட்டைப் பக்கம் வட்டைக்கும் நேராக வரும்வரை மெல்லச் சுற்றுவார். நாலு மூலைக்கும் எதையாவது பாரமாக வைப்பார். பிறகு அந்தப் பிளானுக்குள் நடக்கிறவர் மாதிரி விரலால் வாசலில் இருந்து உள்ளே போவார்.

அன்றைக்கும் சுற்றினார். மகன் பக்கத்தில் நின்று, வாப்பா, இந்த பாத்றூம் மதீனாவில் உள்ளது என்று சொன்னார். மதீனா என்ற சொல்லைக் கேட்டதும் ஹாஜியாரின் முகம் கனிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். விரல் மெதுவாக அந்தப் பக்கம் போனது.

"ஹாஜியார்," என்றேன், "மதீனாவுல கிப்லா தெக்கால. நமக்கு வட்டைப் பக்கம். இதுல இரிக்கிறவர் கிப்லாவப் பாத்துத்தான் இரிக்கணும்."

விரல் நின்றது. அவர் தலையைத் தூக்கி யன்னலுக்கு வெளியே வட்டையைப் பார்த்தார். கடதாசியைப் பார்த்தார். மறுபடி வட்டையைப் பார்த்தார். முகத்தில் இருந்த கனிவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நீ மதீனாவுல என்னத்தப் பாத்துட்டு வந்த?" என்று மகனைக் கேட்டார். "கக்கூஸ மட்டுமா பாத்த?"

மூடைப் பக்கம் யாரோ இருமினார்கள். அது மூடை தூக்குகிறவரின் இருமல் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

மகன் உடனே லெப்டொப்பைத் திறந்தார். அந்த இடத்திலேயே, வாப்பாவின் கண்முன்னே, கழிவறையைப் பிடித்துச் சுற்றினார். பின்சுவர் நெடுகப் படுத்துக் கிடந்தது எழும்பி, உள்ளே நீண்டு, முகாமையாளர் அறைக்குள் மூக்கை நுழைத்தது. கூட்ட மேசை சின்னதாயிற்று. கதிரைகள் சில போயின. ஒரு சின்ன முனகல் கூட இல்லை. கிப்லா என்றால் முகாமையாளர் அறையும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பின்சுவரோடு, கடலைப் பார்த்த பக்கம், இடம் வெளித்தது. முதல் ட்ரையலில் இருந்த அளவு இல்லை, ஆனாலும் அறை என்று சொல்லக்கூடிய அளவு. யன்னலுக்குச் சுவர் கிடைத்தது. மகன் யன்னலையும் போட்டார், கதவையும் போட்டார்.

"மிச்சமா ஒரு எடம் வருது வாப்பா."

ஹாஜியார் பார்க்கக்கூட இல்லை. கொமட்டின் மேல்தான் அவர் கண். அந்தப் பிள்ளைக்குக் கொடு, அவள் அங்கேயே வந்து கணக்கைப் பார்க்கட்டும், தொழவும் செய்வாள் என்றார், தேத்தண்ணிக்குச் சீனி போடச் சொல்கிற குரலில்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு கொதித்துக்கொண்டே வந்தது. காரைதீவு தாண்டியும் ஆறவில்லை. ஒரு பெண்ணுக்காக நான் எத்தனை நாள் கதைத்தேன், ஒரு சுவர் கூட அசையவில்லை. ஒரு கொமட்டுக்காக ஒரு வசனம் சொன்னேன், மேல்மாடி முழுவதும் எழுந்து வழிவிட்டது. அந்த அறையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அது மிஞ்சியது. மிஞ்சியதை அவளிடம் நீட்டினார்கள், அதற்குள் இரக்கம் என்று ஒரு சொட்டுக்கூட இல்லை. மார்க்கம் தெரிந்தவர்கள்தான். அறிவில்லை என்றால் பொறுக்கலாம். அறிந்துகொண்டே ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மில்லில் இருந்து நேரே, உமித் தூசோடு. வாசலில் ஓட்டோ நின்றது. அதிகம் சுணங்க முடியாது, மாமி தேடுவா என்றாள். இருமியது நான்தான் ராத்தா என்று வந்த உடனேயே சொன்னாள். சிரிப்பை அடக்கத்தான் இருமினாளாம்.

மகன் சுற்றித் திருத்தி அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து காட்டினேன். கழிவறை எப்படிப் படுத்திருந்தது, எப்படி எழுந்தது, எல்லாம் சொன்னேன். முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்ப எனக்கு அறை தந்தது கொமட்டா ராத்தா?"

ஓம் புள்ள என்றேன். நானும் சிரித்தேன். கோபம் ஆறவில்லை, ஆனாலும் அவள் சிரிக்கிறபோது சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். யன்னலைப் பார்த்தாள். கதவின் வளைவுக் கோட்டில் விரலை வைத்து, உள்ளேயா திறக்கிறது என்று கேட்டாள். விரல் அங்கிருந்து அறையின் நடுவுக்கு வந்து நின்றது. அங்கே எழுத்து இருந்தது. மகன் சுற்றிய அவசரத்தில் பழைய பெயரை அப்படியே இழுத்து அதில் போட்டிருந்தார். ஸ்டோர்.

சிரிப்பு நின்றது. இது என்ன என்று கேட்டாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். கொதித்த கொதிப்பில் சுவரையும் யன்னலையும் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. உடனே மகனுக்கு எழுதிக் கேட்டேன். பதில் சிரித்த முகத்தோடு வந்தது: பேரெல்லாம் மறுகா பாப்பம் ராத்தா, முதல்ல சபைக்கு அனுப்புங்க.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மறுகா," என்றாள். பிறகு என்கிற அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "ஸ்டோர் எண்டு கிடந்தா முதல்ல ஒரு பழைய காத்தாடி வரும் ராத்தா. மறுகா ஒரு உடைஞ்ச கதிரை. மறுகா மூடை வரும். நான் மறுபடி சந்துக்குள்ள." கைவிளிம்பில் இருந்த உமியைத் தட்டினாள். "எனக்குத் தெரியாதா? நான் மூடைக்குள்ளதானே இருந்து வாறன்."

பெயரை அழித்தேன். பெண்கள் அறை என்று எழுதினேன். உப்புத் தின்ற ஒரு எழுத்து எழும்ப மாட்டேன் என்று நின்றது; இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது. இன்னும் பெரிதாகப் போடச் சொன்னாள், போட்டேன். முகாமையாளர் அறையின் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். மகனைக் கேட்காமல், ஹாஜியாரைக் கேட்காமல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சபைக்கு அனுப்பினேன்.

அந்தக் கட்டடம் இப்போது கட்டி முடிந்து நிற்கிறது. பெயர் அப்படியே ஒரு கதவின் மேல் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். என்றாலும் நெல் அவிக்கிற வாசம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் ஏறும். ஏனென்றால் அதற்குப் பிறகும் நான் அலுவலகங்கள் கீறுகிறேன், ஒவ்வொன்றிலும் முதலில் சுருங்குவது அந்த அறைதான். ஒவ்வொரு தரமும் ஒரு கொமட் பிழையாகிப்போய் வந்து காப்பாற்றும் என்று நான் காத்திருக்க முடியாது.

அன்றைக்கு அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஓட்டோக்காரர் ஒருதரம் ஹோர்ன் அடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படலை வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"ராத்தா, அந்தக் கதவுக்கு உள்பக்கம் கொண்டி போட்டிரிக்கா?"

"கொண்டியெல்லாம் பிளான்ல வராது புள்ள."

"அப்ப அதையும் எழுதி அனுப்புங்க," என்றாள். "வாறன்."